நாகர்கோவிலில் இஸ்லாமியக் கலைக் கண்காட்சி: பழைய சுவடியும் புதுப் படைப்பும் ஒரே மண்டபத்தில்

இளங்கடைவாசி

நாகர்கோவில்ல பத்து நாள் இஸ்லாமியக் கலைக் கண்காட்சி ஒண்ணு வைக்க ஏற்பாடு நடக்கு. இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம், 60க்கு 40 அடி, மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். பழைய பொருள்கள் மாவட்டத்தில் உள்ள வீடுகள்ல இருந்து வருது. கையெழுத்துக் குர்ஆன் 3, அரபுத்தமிழ்க் (அரபு எழுத்துல எழுதின தமிழ்) கல்லச்சுப் புத்தகம் (கல்லுல எழுதி அச்செடுத்தது) 12, எழுத்து வெட்டின பித்தளைத் தாம்பாளம் 2, பீதர் வேலைப்பாடு (கறுப்பு உலோகத்துல வெள்ளி பதிச்சது) உள்ள வெத்தலைப்பெட்டி 1, சரிகைத் துணி 1. புதுசுல 20 படைப்பு இருக்கு: கேன்வாஸ்ல அரபு எழுத்தோவியம், லேசர்ல வெட்டின வடிவியல் பலகை, டிஜிட்டல் பிரிண்ட். தக்கலை பீர் முஹம்மது அப்பா தர்காவில் ரஜப் மாசம் (இஸ்லாமிய ஆண்டின் ஏழாம் மாசம்) அவர் இயற்றின ஞானப்புகழ்ச்சியைப் பாடுற சமயத்தை ஒட்டி வச்சா வெளியூர்க் கூட்டமும் வரும்னு ஒரு யோசனை.

மண்டபத்தை எப்படித் தயார் பண்ணணும்? கண்ணாடிப் பெட்டி எப்படி இருக்கணும்? பழசையும் புதுசையும் கலந்து வைக்கலாமா, பிரிக்கணுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

சுவடிக்காப்பு

முதல்ல தேதியை மாத்துங்க பாய், மத்ததெல்லாம் பொறவு. இன்னும் சில வருஷத்துக்கு ரஜப் நவம்பர், டிசம்பரை ஒட்டியே விழும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்தே நனைஞ்சு கெடக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா தோலட்டை, பசை, கஞ்சி போட்ட தாள் எல்லாத்திலயும் பூஞ்சணம் வந்துரும். ஜனவரி பாதியில இருந்து மார்ச் தொடக்கம் வரைதான் இந்த மாவட்டத்தில் சுவடியை வெளியே எடுக்கிறதுக்கு ஏத்த காலம்.

தேதி முடிவானா ஒரு மாசம் முன்னாடியே மண்டபத்தில் மூணு டிஜிட்டல் ஈரமானியை வச்சு, காலை, மதியம், ராத்திரி குறிச்சுக்கிட்டு வாங்க. கடையில வாங்குற மானி அஞ்சு சதவீதம், பத்து சதவீதம் தப்பாக் காட்டும். சோதிக்க லேசான வழி இருக்கு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, களி மாதிரி ஆகுற அளவுக்கு மட்டும் தண்ணி விடணும், கரையக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள்ள வச்சு இறுக மூடி பன்னிரண்டு மணி நேரம் விடுங்க. உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும். மானி 81 காட்டினா ஆறைக் கழிச்சுக்கிட வேண்டியதுதான்.

குளச்சல்காத்து

ஏசி பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். பகல்ல ஏசி போட்டு ராத்திரி மண்டபத்தைப் பூட்டும்போது அணைக்கிறதுதான் இங்கே எல்லாரும் செய்றது. அதைவிட ஏசியே போடாம இருக்கிறது மேல். ஏசி ஓடும்போது கண்ணாடியும் பித்தளையும் குளிர்ந்து கெடக்கும். அணைச்சதும் வெளிக்காத்து கதவிடுக்கு வழியா உள்ளே வரும், குளிர்ந்த பரப்பில தண்ணியா இறங்கும். பத்து நாளும் ராப்பகல் ஓடணும், இல்லேன்னா வேண்டாம். கரண்ட் போனா ஜெனரேட்டர் யார் போடுறது, சாவி யாருகிட்டேன்னு எழுதி ஒட்டி வைங்க.

கடற்கரைப் பக்கம்னா உப்பும் சேரும். மேற்கு ஜன்னல் எல்லாத்தையும் முன்கூட்டியே அடைச்சு, இடுக்குக்கு டேப் ஒட்டி, உள்பக்கம் கறுப்புத் துணி தொங்க விடுங்க. சாயங்கால வெயிலும் அடங்கும், உப்புக் காத்தும் அடங்கும்.

சுவடிக்காப்பு

அண்ணாச்சி சொன்னதோட பெட்டிக் கணக்கையும் சேர்த்துக்கிடுங்க. பெட்டி உள்ளளவு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 50 உயரம்னா 0.36 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சுற மணி) என்பது அருங்காட்சியகங்கள்ல பழகின கணக்கு. அப்ப ஒரு பெட்டிக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. மருந்துப் புட்டியில் வர்ற சின்னப் பொட்டலம் நாலு போட்டா ஒண்ணும் நடக்காது.

பலரும் தப்பு பண்றது இதுக்கு அடுத்த இடத்துல. அடுப்பில் வறுத்த ஜெல்லைச் சூடு ஆறினதும் நேரா உள்ளே வச்சா அது காத்தை முப்பதுக்குக் கீழே இழுத்துரும். வெயில்ல போட்ட அப்பளம் போல அட்டை வளையும், தோல் பொருக்கு விடும். ஜெல்லை முன்கூட்டியே 50, 55 சதவீத ஈரப்பதத்துக்குப் பழக்கணும். ஈரநீக்கி ஓடுற ஒரு ஏசி அறையை 50ல நிறுத்தி, தட்டுல மெல்லிசாப் பரப்பி, தினம் ஒரு தடவை கிண்டி விட்டு, எடை போட்டுப் பாருங்க. ரெண்டு மூணு நாள் எடை மாறாம நின்னா தயார். ரெண்டு வாரம் வரை பிடிக்கும். ஈரம் ஏறினா நிறம் மாறிக் காட்டுற ஜெல்லுல ஆரஞ்சு நிறக் குறிகாட்டி உள்ளதா வாங்குங்க. பழைய நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கு, அது நச்சு.

ஜெல் கண்ணுக்குத் தெரிய வேண்டாம். பெட்டி அடியில ரெண்டு அங்குல இழுப்பறை மாதிரி விட்டு, மேல் பலகையைச் சுத்தி ஒரு செ.மீ. இடைவெளி இருந்தாப் போதும்.

அயினிமரம்

பெட்டி செய்றவங்களுக்கு: பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையில அழுத்தின பலகை) ரெண்டும் வேண்டாம். பசையில இருந்து ஆவி வந்துகிட்டே இருக்கும். தேக்கும் மூடின பெட்டிக்குள்ள ஆகாது, அமில வாடை விடும். நம்ம ஆளுகளுக்குத் தேக்குன்னா ஒரு பெருமை, ஆனா இங்கே அது உதவாது. பவுடர் கோட்டிங் பண்ணின இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, கண்ணாடி, இந்த மூணோட நிறுத்திக்கிடுங்க. மரம்தான் வேணும்னா உள்பக்கம் முழுக்க அலுமினிய ஃபாயில் லேமினேட் ஒட்டி மூடணும். பெயிண்ட் அடிச்சா பெட்டியைத் திறந்து போட்டு குறைஞ்சது மூணு வாரம் காய விடணும். திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி பெயிண்ட் அடிக்கிற பழக்கம் இங்கே செல்லாது.

கண்ணாடி மூலைக்கு சிலிக்கான் வாங்கும்போது மூடியைத் திறந்து மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா அது அசிட்டிக் வகை. பித்தளை, ஈயம் எல்லாத்தையும் தின்னும். நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்கணும், விலை கொஞ்சம் கூடத்தான். உள்ளே விரிக்க கம்பளியோ சாயம் போட்ட வெல்வெட்டோ கூடாது, கம்பளியில இருந்து வர்ற கந்தகத்துல வெள்ளி கறுத்துப் போகும். துவைச்சுக் கஞ்சியெல்லாம் போக்கின வெள்ளைக் காடாத்துணி போதும், பாக்கவும் கொள்ளாம்.

இளங்கடைவாசி

ரஜப் யோசனையை விட்டாச்சு, பிப்ரவரின்னு பேசிட்டோம். விளக்கு விஷயம் சொல்லுங்க. மண்டபத்துல இருக்கிற ஃபோகஸ் லைட் போதுமா? தாம்பாளத்தையும் குர்ஆனையும் ஒரே பெட்டியில வைக்கலாமா?

சுவடிக்காப்பு

கல்யாணத்துக்குப் போட்ட லைட் கல்யாணத்துக்கே இருக்கட்டும். எழுத்துச் சுவடி, சாயத்துணி ரெண்டுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல்வரம்பு. ரொம்ப நலிஞ்ச நிறங்களுக்கு வருஷத்துக்கு மொத்தமே 15,000 லக்ஸ்-மணி நேரம்தான் கணக்கு. 50 லக்ஸ்ல தினம் 8 மணி நேரம், பத்து நாள்னா 4,000 ஆகுது, தாங்கும். அதே பத்து நாள் 200 லக்ஸ்ல வச்சா 16,000. ஒரு வருஷத்து ஒதுக்கீட்டை ஒரே கண்காட்சியில தின்னுட்டுப் போயிரும். வெளிச்சத்துல வெளுத்த நிறம் திரும்பாது, எந்த மருந்தும் கிடையாது.

எல்.இ.டி. 2,700ல இருந்து 3,000 கெல்வின், நிறக்காட்டி எண் (CRI, நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 90க்கு மேல. லக்ஸ் மீட்டர் ஒண்ணு வாடகைக்காவது எடுங்க. போன் செயலி ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொண்ணு காட்டும். மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே பிடிக்காம, நூலோட பக்கம் இருக்கிற இடத்துல கிடையா வச்சு அளக்கணும். பெட்டிக்குள்ள விளக்கு வேண்டாம், சூடு ஏறினா ஜெல் கணக்கெல்லாம் தலைகீழாகும்.

50 லக்ஸ்னா இருட்டா இருக்குன்னு முதல் நாளே புகார் வரும். கண்ணு பழகாததுதான் காரணம். வாசல்ல 200, அடுத்த பகுதியில 100, சுவடி இருக்கிற உள்பகுதியில 50ன்னு படிப்படியாக் குறைச்சுக் கொண்டு போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புதுப் படைப்புகளை வாசல் பக்கமும் பழசை உள்ளேயும் வைக்க இதுவே ஒரு காரணம். தங்கப்பூச்சு உள்ள பக்கத்துக்கு விளக்கைச் சாய்ச்சு ஒரு பக்கமா விட்டா 50லயே பொன் மினுங்கும். நேர் மேல இருந்து விட்டா மங்கிப் பழுப்பாத் தெரியும்.

ஒரே பெட்டி ஆகாது. பித்தளையில உப்பு ஏறியிருந்தா அதுக்கு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வேணும், தாளுக்கு 50. தாம்பாளத்தின் எழுத்துக் குழியில வெளிர்பச்சைத் தூள் தெரிஞ்சு, தட்டினா உதிர்ந்துச்சுன்னா அது ஓடிக்கிட்டிருக்கிற அரிப்பு. தனிப்பெட்டி, நல்லா உலர்ந்த ஜெல்.

வேளிமலை

வெத்தலைப்பெட்டியைப் பத்திக் கூடுதலா ஒண்ணு. பீதர் வேலைன்னா துத்தநாகம்தான் பெரும்பங்கு, பதினாறுக்கு ஒண்ணுங்கிற கணக்குல செம்பு சேரும். வெள்ளிக் கம்பியும் தகடும் பதிச்ச பொறவு பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த களிம்பைத் தேய்ப்பாங்க. துத்தநாகம் கறுக்கும், வெள்ளி அப்படியே நிக்கும். அந்தக் கறுப்பு மேல்தோல்தான். கொடுக்கிற வீட்டுல "பளிச்சுன்னு இருக்கட்டும்"னு புளியோ பாலிஷோ போட்டாங்கன்னா கறுப்பு போய் சாம்பல் நிறப் பெட்டிதான் வந்து சேரும். வாங்கப் போகும்போதே சொல்லிருங்க, விளக்க வேண்டாம்னு. மெத்துனு காஞ்ச துணியில தூசி தட்டினாப் போதும்.

சுவடிக்காப்பு

குர்ஆன் சுவடி வைக்கிற முறை. இஸ்லாமியக் கட்டுமானத்துல அட்டை பக்கக்கட்டோட சரிசமமா நிக்கும், வெளியே நீட்டாது. இடது அட்டையோட ஒரு மடல் இருக்கும், மூடும்போது அது மேலட்டைக்கு அடியில போகணும். மேலே போட்டா மடக்குத் தோல் கிழியும். இந்த நூலைச் செங்குத்தா நிறுத்தக் கூடாது, பக்கக்கட்டு தொங்கி முதுகு விட்டுரும். படுக்கையா வைக்கிறதுக்குன்னே செஞ்சது.

திறந்து காட்டும்போது 90 பாகை, மிஞ்சினா 110. 180க்கு விரிச்சா முதுகு வெடிக்கும். ரெண்டு பக்கமும் தாங்குற தொட்டில், மடலுக்குத் தனித் தாங்கல். ஒவ்வொரு நூலுக்கும் தடிமன் வேற, ஆகையால அக்ரிலிக்ல ஒரே அளவு மூணு செஞ்சு வாங்குறது வீண். அமிலமில்லாத அட்டையில நூலுக்கு நூல் வெட்டிச் செய்யலாம். பக்கம் எழும்பாம இருக்க 1 செ.மீ. அகல பாலியெஸ்டர் நாடா. எழுத்து மேலயோ பொன் மேலயோ படாம ஓரமாச் சுத்தி, முனையை நாடாவோடயே ஒட்டணும், தாளோட ஒட்டக் கூடாது.

எடுக்கும் முன்னாடி பக்கத்தைச் சுத்தி வரைஞ்ச கட்டத்தைப் பாருங்க. பச்சைக்கோடுன்னா செம்புப்பச்சையா இருக்க வாய்ப்பு அதிகம். அது தாளை அரிச்சு, கோட்டு வழியே வெட்டினாப்ல எழுத்துப் பகுதி தனியாக் கழண்டு வரும். அப்படி இருந்தா அந்தப் பக்கத்தைத் திறக்காதீங்க, வேற பக்கம் தேர்ந்தெடுங்க. திறக்கிற பக்கத்தை அஞ்சாம் நாள் மாத்துங்க, ஒரே பக்கம் முழு வெளிச்சத்தையும் வாங்க வேண்டாம்.

கல்லச்சுப் புத்தகம் வேற கதை. மரக்கூழ்த் தாள், அமிலம் ஊறிப் போயிருக்கும், மூலையை மடக்கினா ஒடியும். பன்னிரண்டுல நல்ல நிலையில உள்ள மூணை மட்டும் அசலா வைங்க. மீதியை ஸ்கேன் எடுத்து, சரியான அளவுல, நல்ல தாள்ல அச்சிட்டு வைக்கலாம். "நகல்"னு பெயர்ப்பலகையில பெரிசாவே போடுங்க.

கல்லெழுத்து

நகல் பத்திச் சொன்னதுல எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. கல்லச்சு நூல் ஏராளமா அச்சானது, அதுக்கு ஏன் இவ்வளவு பயம்? கையில எடுத்துப் புரட்ட ஒரு பிரதியாவது கொடுக்கலாமே. அரபு எழுத்துல தமிழ் ஓடுறதைக் கண்ணாடிக்கு அப்பால பாத்தா அது அரபுன்னே நினைச்சுப் போயிருவாங்க. ட, ப, ஞ, ழ இதுக்கெல்லாம் புள்ளியும் வட்டமும் கூட்டி எழுத்து அமைச்சிருக்காங்க. அதை விரல் வச்சுப் படிச்சாத்தான் விளங்கும்.

சுவடிக்காப்பு

விரல் வைக்கிறதுக்கு நகலே போதும் சார். முப்பது பேர் புரட்டினா முதுகு போயிரும், ஏராளமா அச்சானது இன்னைக்கு எத்தனை வீட்டுல மிஞ்சியிருக்கு? நகல்ல நாலு பக்கத்தைப் பெரிசா எடுத்து, வரிக்குக் கீழே தமிழ் எழுத்துல அதே வரியைப் போட்டு, அந்தக் கூடுதல் எழுத்துகளுக்கு மட்டும் வேற நிறம் கொடுங்க. அசல் பக்கத்துலேயே இருக்கும், ஒப்பிட்டுக்கிடலாம்.

கல்லெழுத்து

சரி, அந்த நாலு பக்க யோசனையை ஏத்துக்கிடுறேன்.

பெயர்ப்பலகைக்கு வர்றேன். நம்ம மாவட்டத்துல தேதி மூணு கணக்குல வரும். சுவடியின் கடைசிப் பக்கத்துல ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு), கல்வெட்டுலயும் பத்திரத்துலயும் கொல்லம் (மலையாள ஆண்டு), அச்சுப் புத்தகத்துல சில சமயம் ஆங்கில ஆண்டும் சேரும். ஹிஜ்ரியை 0.97ஆல பெருக்கி 622 கூட்டினா கிட்டத்தட்ட வந்துரும். 1317ன்னா 1899.5. ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் ரெண்டு ஆங்கில ஆண்டுல பரவும், அதனால "ஹிஜ்ரி 1317 (1899-1900)"னு எழுதணும், ஒத்தை வருஷமாப் போடாதீங்க. மாசம் தெரிஞ்சா மட்டும் ஒண்ணா நிறுத்தலாம். கொல்லத்துக்கு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரியில இருந்து ஆடி முடிய 825 கூட்டணும். கொல்லம் 1075ம் அதே 1899-1900தான்.

எழுதின தேதியையும் வக்ஃபுக்குக் (மார்க்கத்துக்கான அறக்கொடை) கொடுத்த தேதியையும் குழப்பக் கூடாது. முதல் பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் கொடுத்தவர் எழுதினது, எழுதினவர் தேதி கடைசியில இருக்கும்.

தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு பழைய பள்ளிவாசல்கள், இஸ்லாத்தைப் பரப்ப வந்ததாச் சொல்ற மாலிக் இப்னு தீனார் பேரோட சேர்த்துச் சொல்லப்படுது. பலகையில "மரபு வழிச் செய்தி"ன்னு போடுங்க, நூற்றாண்டைத் துணிஞ்சு எழுத வேண்டாம். கல்வெட்டு, மீசான் கல் (கபுர்ல நடுற கல்) எல்லாம் புகைப்படமாத்தான் வரப் போகுது. எழுத்து தெரியணும்னு மாவோ சாக்பீஸோ எண்ணெயோ தேய்க்காதீங்க, கல்லுக்குள்ள இறங்கிரும். ராத்திரியில கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி, டார்ச்சைக் கல் பரப்புக்கு 10, 15 பாகைச் சாய்வுல பிடிச்சு, இடம், வலம், மேல், கீழ்னு நாலு படம் எடுங்க. பகல்ல ஒண்ணுமே தெரியாத வரி அதுல எழும்பி நிக்கும்.

சட்டப் பக்கமும் ஒரு பார்வை வேணும். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி பொதுவா 100 வருஷம், சுவடிக்கு 75 வருஷம் ஆனா தொல்பொருள். ஓவியமோ பொன்வேலைப்பாடோ உள்ள சுவடியைப் பதிவு பண்ணணும். கொடுக்கிற வீட்டுக்காரங்க பதிவு பண்ணியிருந்தா சான்றிதழ் நகலை வாங்கிக் கோப்புல வைங்க.

கலம்

இதுவரைக்கும் எல்லாரும் பழசையே பேசிட்டீங்க. புதுசு இருபதுன்னு பாய் எழுதின பட்டியல்தான் எனக்கு நெருடுது. கேன்வாஸ், அக்ரிலிக், பொன் பெயிண்ட்ல ஒரு குர்ஆன் வசனம். பாதிக்குமேல இதுவாத்தான் இருக்கும்னு பந்தயம் கட்டலாம். அதை எழுத்தோவியம்னு ஏத்துக்கிடணும்னா அளவு நிக்கணும். பத்தாம் நூற்றாண்டு எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா காலத்துல இருந்து அளவுகோல் அந்தப் பேனா முனையே போடுற சாய்சதுரப் புள்ளிதான். நஸ்க்ங்கிற எழுத்து பாணியில அலிஃப் (அரபின் முதல் எழுத்து, ஒரு நேர்கோடு) அஞ்சு புள்ளி உயரம், துலுத் பாணியில ஏழு. ஒரே படைப்புல ஒரு அலிஃப் ஆறு, இன்னொண்ணு எட்டுன்னு இருந்தா கம்ப்யூட்டர் ஃபாண்டை இழுத்து நீட்டியிருக்காங்கன்னு அர்த்தம். காம்பஸை வச்சு அளந்து பாத்துத்தான் தேர்ந்தெடுக்கணும். பழமைக்குச் சான்றா ஒரு நல்ல நகல் வைங்க. எழுத்துக்கலைஞர் இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391ல எழுதின குர்ஆன் டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்துல இருக்கு, அதுல வரிக்கு வரி அந்த அளவு தெரியும். இந்தியாவுக்குச் சொந்தமான பிஹாரி எழுத்துக்கு, டொரான்டோ ஆகா கான் அருங்காட்சியகத்துல உள்ள 1399ஆம் வருஷ குவாலியர் குர்ஆன்.

எழுதிக் காட்டுற மேசை ஒண்ணு போடணும். நாணல் கலம், முனையைச் சாய்வா வெட்டி நடுவுல ஒரு பிளவு. விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்ந்த மை. மைக்கூட்டுல பட்டு நூல் பந்து ஒண்ணு கெடக்கணும், இல்லேன்னா கலம் மையை அள்ளிக்கிட்டு வந்து சொட்டும். கடையில வாங்குற டிராயிங் தாள்ல நேரா எழுதினா மை ஊறிப் பரவும். தாளுக்குக் கஞ்சி பூசிக் காயவச்சு, முட்டை வெள்ளைக்கருவுல படிகாரக் கட்டியைப் போட்டு அது தண்ணியா இளகும் வரை கலக்கி, மெல்லிசுத் துணியில வடிச்சு ரெண்டு கோட் பூசணும். நம்ம ஊருச் சோழியாலயே தேய்ச்சு மெருகேத்தலாம். பூசின ஒரு வாரத்துக்குள்ள தேய்ச்சாகணும், விட்டா வெள்ளைக்கரு இறுகி வெடிக்கும். மெருகேறின பரப்புல பிழையா எழுதினதை ஈரத்துணியில துடைச்சு எடுத்துரலாம், பாக்கிறவங்களுக்கு அதுவே ஒரு ஆச்சரியம்.

வேளிமலை

கலம் சொல்றதைப் பாதிதான் ஒத்துக்கிடுவேன். அளவு பாத்தே தேர்ந்தெடுத்தா அது எழுத்துப் போட்டி ஆயிரும். தற்காலம்னா எழுத்தோவியம் மட்டுமா? அலிகார்ல பிறந்த கலைஞர் ஜரீனா 1999ல 36 மரச்செதுக்கு அச்சு போட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் வீடு சம்பந்தப்பட்ட ஒரு உருதுச் சொல், கூடவே வாசல், சுவர், எல்லைன்னு ரெண்டே கோட்டுல ஒரு வடிவம். ஈரான் கலைஞர் மோனிர் ஃபர்மான்ஃபர்மாயன் ஈரானியக் கண்ணாடித் துண்டுப் பதிப்பை எடுத்து அறுகோணத்தையும் எண்கோணத்தையும் அடுக்கினாங்க. அதுல ஒரு எழுத்துகூடக் கிடையாது. சவூதி ஜித்தாவில் 2023ல விமான நிலைய ஹஜ் டெர்மினல்ல நடந்த இஸ்லாமியக் கலை இருபதாண்டு விழாவிலயும்

வேளிமலை

கை தவறி முடிக்கும் முன்னாடியே போயிருச்சு. ஈராண்டு விழான்னு வாசிங்க. அங்கே பழம்பொருளும் புதுப் படைப்பும் அடுத்தடுத்துத்தான் இருந்துச்சு. ஆகவே பாய் கேட்ட கேள்விக்கு என் பதில்: கலக்கலாம், ஆனா காரணம் இருந்தாக் கலக்கணும். தாம்பாளத்தின் விளிம்புல ஓடுற பின்னலும் லேசர்ப் பலகையின் பின்னலும் ஒரே கணக்குன்னா எதிரெதிரா வைங்க. குர்ஆன் சுவடிக்குப் பக்கத்துல பொன் பெயிண்ட் கேன்வாஸ் வச்சா ரெண்டுக்குமே கேடு.

சவூதியில பிறந்த கலைஞர் டானா அவார்தானி நிற மணலாலயே ஓட்டுத்தளம் மாதிரி ஒரு தரை போட்டு, அதைப் பெருக்கித் தள்ளுற வீடியோ படைப்பு பலருக்கும் தெரியும். அதைப் பாத்துட்டு "நம்ம மணவாளக்குறிச்சியிலதான் கறுப்பு, சிவப்பு மணல் இருக்கே"ன்னு யாராவது வண்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பிறாதீங்க. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், அதோட கலந்து கெடக்கிற மோனசைட்டுல தோரியம் உண்டு. தனியார் அள்ளவும் தடை. சலிச்ச எம்-சாண்டுல சாயப்பொடி கலந்துக்கிட்டாப் போதும்.

அயினிமரம்

லேசர்ப் பலகை பத்தி. எம்.டி.எஃப்.ல வெட்டினதுன்னா சுவடிப் பெட்டி இருக்கிற பகுதியில மாட்டக் கூடாது. வெட்டி ஒரு மாசமாவது காத்தாடக் கெடக்கணும், கருகின விளிம்பு வாடையே போகாது. ஒரே பலகையில நாலடிக்கு நாலடி வெட்டினா நம்ம ஊர் ஈரத்துக்கு வளையும், பின்னால அலுமினியச் சட்டம் கட்டாயம்.

பழங்கால மிம்பர் (பள்ளிவாசல்ல உரை நிகழ்த்துற மேடை) கதவுகள்ல ஏன் சின்னச் சின்னத் துண்டா இருக்குன்னு யோசிச்சா காரணம் இதேதான். நட்சத்திரத் துண்டு ஒவ்வொண்ணும் சட்டத்துக் காடியில சும்மா உக்காந்திருக்கும், ஆணி கிடையாது, பசையும் கிடையாது. மழைக்காலத்துல துண்டு வீங்கினா காடிக்குள்ளேயே நகரும், வெடிக்காது. இதை ஒரு மாதிரி செஞ்சு வைக்கலாம். அயினி மரம், காடி ஆழம் 6 மி.மீ., துண்டு நாக்கு 5 மி.மீ. மட்டும் உள்ளே போகட்டும், மீதி ஒரு மி.மீ. மூச்சு விட. ஒரு ஆசாரிக்கு இது புதுசே இல்லை, நம்ம பழைய பலகைக் கதவுலயும் இதே நியாயம்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு மேசை போட்டா அஞ்சு வடிவம் வெட்டிக் கொடுங்க. பத்துக்கோணம், ஐங்கோணம், நீட்டின அறுகோணம், வண்ணத்துப்பூச்சிப் பட்டி, சாய்சதுரம். எல்லா விளிம்பும் 5 செ.மீ. கோணம் எல்லாம் 36இன் மடங்கு. பத்துக்கோணத்துக்கு 144, ஐங்கோணத்துக்கு 108, சாய்சதுரத்துக்கு 72ம் 108ம், அறுகோணத்துக்கு 72 ரெண்டு, 144 நாலு, பட்டிக்கு 72 நாலு, உள்வாங்கின 216 ரெண்டு. ஒவ்வொரு விளிம்பின் நடுப்புள்ளியில இருந்தும் 54 பாகையில ரெண்டு கோடு உள்ளே போனா, துண்டுகளைச் சேர்க்கும்போது பின்னல் தானா ஓடும். ஈரான்ல இஸ்ஃபஹான் தர்பே இமாம் அடக்கத்தலத்துல 1453ல போட்டது இதே அஞ்சைக் கொண்டு விளக்கலாம்னு 2007ல லூ, ஸ்டைன்ஹார்ட் ரெண்டு பேர் எழுதினாங்க. கத்தரிக்கோலால வெட்டாதீங்க. ஒரு பாகை பிசகினா பத்துக்கோணத்தைச் சுத்தி வரும்போது கடைசித் துண்டு உக்காராது. லேசர்லேயே வெட்டிருங்க, 3 மி.மீ. அக்ரிலிக்.

இளங்கடைவாசி

ரொம்ப உபகாரம். பேனர், பெயர்ப்பலகை எல்லாம் டவுன்ல ஃப்ளெக்ஸ் கடையில கொடுக்கலாம்னு இருக்கு. அரபு வசனமும் போடணும்.

கலம்

ஃப்ளெக்ஸ் கடையில அரபு கொடுத்தா பத்துக்கு எட்டு உடைஞ்சுதான் வரும். மென்பொருள்ல வலமிருந்து இடம் போற எழுத்துக்கான அமைப்பைத் திறக்காம ஒட்டுவாங்க, எழுத்து தனித்தனியாப் பிரிஞ்சு, வரிசையும் திரும்பி நிக்கும். அரபு தெரியாதவரும் பிடிக்க ஒரு வழி: முஹம்மதுங்கிற பேருல நாலு எழுத்தும் ஒரே கொடியாச் சேர்ந்திருக்கணும். துண்டா நின்னா அச்சே தப்பு. எழுத்தாக் கொடுக்காதீங்க, அவுட்லைனா மாத்தின பி.டி.எஃப்.ஆக் கொடுங்க. அரபுத்தமிழ்க்கு ஃபாண்டை நம்பவே வேண்டாம், ஸ்கேன்ல இருந்து கோடு எடுத்துப் போடுங்க. அச்சானதும் ஒரு ஆலிம் (மார்க்க அறிஞர்) கையில கொடுத்து வாசிக்கச் சொல்லிட்டுத்தான் மாட்டணும்.

வசனத்தை ஃப்ளெக்ஸ்ல போடவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. பதினோராம் நாள் அந்த ஃப்ளெக்ஸ் ஆட்டுக்கொட்டகைக் கூரையில கெடக்கும். பேனர்ல தமிழ் மட்டும் போதும். வசனம் வேணும்னா தாள்ல அச்சிட்டுச் சட்டகம் போட்டு மாட்டுங்க, முடிஞ்ச பொறவு பள்ளிவாசல்ல ஒப்படைச்சா அவங்க முறைப்படி அடக்கிருவாங்க. குர்ஆன் பெட்டியின் தளம் தரையில இருந்து 95 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். தரையில போடுற படைப்புல எழுத்தே கூடாது. செருப்பு விடுற இடம் உள்பகுதிக்கு எதிர்த்தாப்ல வராமப் பாத்துக்கிடுங்க.

குளச்சல்காத்து

பெயர்ப்பலகை எழுத்து 24 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறையாம இருக்கட்டும். 50 லக்ஸ்ல 14 புள்ளி எழுத்தை வயசானவங்க படிக்க முடியாம கண்ணாடி மேல சாய்வாங்க, சாஞ்சா பெட்டி ஆடும். வெள்ளைப் பலகையில கறுப்பு எழுத்துன்னா பலகையே பளிச்சுன்னு அடிக்கும், பழுப்பு நிறப் பலகை போடுங்க.

சுவடிக்காப்பு

பொருள் வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் வீட்டுக்காரர் முன்னாலயே படம் எடுத்து, கிழிசல், ஓட்டை, கறை எல்லாத்தையும் ஒரு தாள்ல குறிச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். வந்ததும் நேரா பெட்டியில வைக்காதீங்க. மூடின பாலித்தீன் பையில, வெள்ளைத் தாள் மேல ரெண்டு வாரம் தனி அறையில கெடக்கட்டும். தாள்ல புதுசா மாத்தூள் மாதிரி விழுந்தா பூச்சி உயிரோட இருக்கு. அப்படிப்பட்டதை ரெண்டு பையில சுத்தி காத்தை வெளியேத்தி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில ரெண்டு வாரம். எடுத்த பொறவும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீங்க, திறந்தா தாள் மேலேயே தண்ணி கோத்துக்கிடும். மெருகுச்சாயம் பூசின அட்டையை உறைபெட்டியில வைக்க வேண்டாம். பாச்சா உருண்டையும் வேண்டாம், வசம்பை வேணும்னா பெட்டிக்கு வெளியே வச்சுக்கிடுங்க, மனசுக்கு ஆறுதல்.

இளங்கடைவாசி

அக்கா, சரிகைத் துணியை மடிச்சு வைக்கலாமா, தொங்க விடணுமா? சுமார் ரெண்டு மீட்டர் நீளம்.

சுவடிக்காப்பு

ரெண்டும் வேண்டாம். மடிச்ச இடத்துல சரிகை ஒடியும், தொங்கவிட்டா தன் எடையிலேயே பட்டு கிழியும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்ல அமிலமில்லாத தாளைச் சுத்தி, அதுமேல துணியின் சரிகைப் பக்கம் வெளியே வர்ற மாதிரி சுருட்டி, 80 செ.மீ. மட்டும் விரிச்சு, 15 பாகை சாய்ஞ்ச பலகை மேல படுக்கவைங்க. குண்டூசி குத்தாதீங்க.